அடிவாரத்திலேயே தொடங்குங்கள்

செஞ்சியில் சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே,

2025 ஜூலையில் நம்ம கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருப்பவை. தமிழ்நாட்டுக்கு நம்முடையது ஒன்றுதான். கோவென்ட்ரியில் உட்கார்ந்து அந்தச் செய்தியை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இனி வெளியூர்க் கூட்டம் கூடும், லாட்ஜும் ஓட்டலும் பெருகும். நல்லதுதான். என் கவலை நம்மூர்ப் பிள்ளைகளைப் பற்றியது.

வெளியூர்ப் பள்ளிகள் பஸ் பிடித்து நம்மிடம் வருகின்றன. நாம் நம்ம பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அனுப்புகிறோம். கேட்டால், “சின்னதுங்க மலை ஏறாது” என்கிறோம். அது உண்மைதான். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆழமான பாறைப் பிளவைப் பாலத்தில் தாண்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற இடமில்லை. கிருஷ்ணகிரி உயரம் குறைவு என்றாலும் வெயிலில் அதுவும் மூச்சு வாங்கும். ஆனால் செஞ்சியை உச்சியிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சின்னப் பிள்ளைக்குக் கைக்கெட்டுகிற விஷயங்கள் அடிவாரத்தில்தான் கிடக்கின்றன. அவற்றைச் சொல்லித்தர ஆட்களும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

கல்யாண மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அடுக்குமாடிக்குத் தள்ளியிருந்த குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியது. மோட்டார் இல்லாமல் எப்படி ஏறும்? இதைப் பிள்ளைக்கு விளக்க நம்மூர்க் கொத்தனாரைவிடப் பொருத்தமான வாத்தியார் யாரும் இல்லை. மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கும் தண்ணி டியூப் போதும். வீட்டு மாடிப்படியில் ஒரு பக்கெட் தண்ணீரை வையுங்கள். டியூப்பின் ஒரு முனை பக்கெட்டுக்குள், மறு முனை கீழ்ப்படியில் பிள்ளையின் கையில். முதலில் டியூப் நிறையத் தண்ணீர் விட்டு, அதைச் சுண்டிக் குமிழியெல்லாம் வெளியேற்றச் சொல்லுங்கள், குமிழி இருந்தால் மட்டம் தப்பும். கையிலிருக்கும் முனையைத் தாழ்த்தினால் தண்ணீர் கொட்டும். மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் பக்கெட்டுத் தண்ணீரின் உயரத்தில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறாது. இரண்டு தரம் செய்து பார்த்த பிள்ளையை மறுநாள் கல்யாண மகாலுக்கு அழைத்துப் போய், “அப்படின்னா அந்தக் குளம் மேட்டுல இருந்திருக்குமா, பள்ளத்துலயா?” என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அதுவே திரும்பி மலையடிவாரத்தைப் பார்க்கட்டும்.

அடுத்து நெற்களஞ்சியம். அதற்குள் நின்று பிள்ளைகள் கூவுவார்கள், கூவட்டும். கனத்த சுவரும் வளைந்த கூரையும் குரலைத் திருப்பி அனுப்புவதைக் காது முதலில் கேட்கட்டும், பேச்சு அப்புறம். வீட்டிலேயே ஒரு மரக்காலையும் படியையும் கொடுத்து அளக்க விட்டிருந்தால் நல்லது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மல்லாட்டையை வைத்தே அளக்கலாம். நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நம்ம மார்க்கெட் கமிட்டியை ஒரு காலையில் காட்டிவிட்டுக் களஞ்சியத்துக்குப் போனால், இந்த இடம் நிறைய எத்தனை வண்டி வந்திருக்க வேண்டும் என்று பிள்ளையே கணக்குப் போடும். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகை போட்டும் மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே தாக்குப்பிடித்தாரே, அதில் சோற்றுக்கு எவ்வளவு பங்கு என்று அப்போது சொன்னால் அதற்குப் புரியும்.

திருநாதர்குன்றுக்கு நம்மில் பலர் போனதே இல்லை. எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். சிறுகடம்பூர்ப் பக்கம், ஊரை ஒட்டியே இருக்கிறது. ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், மேல்வரிசையில் பன்னிரண்டு, கீழ்வரிசையில் பன்னிரண்டு. எண்ணப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவிக்குப் பழங்காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது தொடங்குவதே ‘ஐ’ என்ற எழுத்தில். இன்றைய வடிவம் இல்லைதான். சிலேட்டில் இப்போதுதான் ‘ஐ’ போடப் பழகிய பிள்ளை, அந்தப் பழைய எழுத்தைத் தாளில் பார்த்து எழுதிப் பார்க்கட்டும். கல்லில் கிறுக்கக் கூடாது, பேர் எழுதக் கூடாது என்பதையும் அங்கே வைத்துச் சொன்னால் மனசில் நிற்கும். சுற்றியுள்ள பாறைகளெல்லாம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதானவை. பளிச்சென்று மின்னும் துணுக்குகளை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

மேலச்சேரி திரௌபதி அம்மனைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் பெரிய புத்தகமே எழுதினார். நம்ம பிள்ளைகளோ அம்மன் திருவிழாக் கூத்தைத் தூங்கி வழிந்துகொண்டுதான் பார்க்கின்றன, விடிய விடிய அவற்றால் முடியாது. அதனால் ராத்திரி ஆட்டத்துக்கு முன்னால், சாயங்காலமே கூட்டிப்போங்கள். கூத்துக்காரர் முகத்தில் அரிதாரம் ஏறுவதையும், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டுவதையும், மத்தளக்காரர் சுருதி சேர்ப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பொறுமையுள்ள கலைஞர்கள் மத்தளத்தைத் தட்டிப் பார்க்கவும் விடுவார்கள். அவர்களுக்கு மரியாதையாக ஏதாவது கொடுங்கள். இலவசமாக எதிர்பார்க்காதீர்கள்.

செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கின் கதையையும் அந்தக் கலைஞர்கள் வாயாலேயே கேளுங்கள். 1714-ல் இறந்த அந்த வாலிபனுக்காகக் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்த முஸ்லிம் தோழன் மகபத்கானைப் பற்றிக் கதைப்பாடல் சொல்கிறது. நம்ம பிள்ளைகள் முதலில் அந்தச் சிநேகிதத்தைக் கேட்டு வளர வேண்டும் என்பது என் ஆசை. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது பிறகு.

இங்கே இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2012-ல், பதினொன்றே முக்கால் வயதுக்குள் பிள்ளைகள் செய்ய வேண்டிய 50 காரியங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. மரம் ஏறுவது, பெரிய மேட்டிலிருந்து உருளுவது எல்லாம் அதில் உண்டு. பக்கத்து வாரிக் கோட்டையில் 18 மீட்டர் உயரக் கல்லெறிப் பொறியைப் புதிதாகவே செய்து வைத்தார்கள். நமக்குக் களஞ்சியமும் குளமும் செய்து வைத்தபடியே நிற்கின்றன. நம்மூருக்கென்று ஒரு பட்டியலை நீங்கள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்லக் கற்பது என் சார்பில் ஒன்று. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைத் தொட்டுப் பார்ப்பது இன்னொன்று.

செலவு பெரிதாக இல்லை. கோட்டைக்குள் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. திறந்தவுடன் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடிக்காமல் பைக்குள் வையுங்கள், குரங்கு விடாது. நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அப்போது மழை இருந்தால் பாறை வழுக்கும், கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருநாதர்குன்றைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தைக்கு நானும் மகளோடு வருகிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நீங்கள் கூடிப் பேசி எழுதினால், அதற்கேற்ற மாதிரி டிக்கெட் போடுகிறேன்.

இப்படிக்கு,
கோவென்ட்ரியில் இருக்கும் உங்கள் ஊர்ப் பெண்