காத்தாடி பிளேனை விரட்டாதீர்கள்

ஏரல், ஸ்ரீவைகுண்டம், சாயர்புரம், தூத்துக்குடி வட்டாரத்து அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும், சார்லட் நகரத்திலிருந்து ஏரல்காரி எழுதுவது.

போன வாரம் சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு மனு அனுப்பியிருந்தார். விமானக் கம்பெனிக்கு நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகிற மனு. ராத்திரி விமானம் வேண்டும் என்பது முதல் கோரிக்கை, நியாயம். மீன் ஏற்ற இடம் வேண்டும் என்பது இரண்டாவது, அதைவிட நியாயம். மூன்றாவது, ‘ஏடிஆர் எனப்படும் சிறிய ரக விசிறி விமானங்களை அறவே நீக்கி, ஜெட் விமானங்களை மட்டுமே இயக்க வேண்டும்.’ அதற்கு அடுத்த மெசேஜும் சித்தப்பாவிடமிருந்துதான்: “தம்பி பிளஸ் டூ முடிச்சிட்டான். பைலட்டுக்கு விடலாம்னு இருக்கோம். கீழத்தோப்பைக் கொடுத்தா ஆகும். வேலை கிடைக்கும்லா?”

இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இரண்டும் ஒரே கேள்வி என்பது உங்களில் ஒருவருக்கும் படவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் திறந்த புது டெர்மினலைப் பார்த்து எனக்கும் நெஞ்சு விம்மத்தான் செய்தது. 1,350 மீட்டர் ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகியிருக்கிறது. ஆனால் ஊருக்கு வந்திருந்தபோது கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னிடம் சொன்னது, “இனிமே அந்தக் காத்தாடி பிளேன்ல நடுங்கிக்கிட்டு வரவேண்டாம்லா.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அமெரிக்காவில் நான் முதலில் ஓட்டியதே காத்தாடி பிளேன்தான், டாஷ் 8. இரண்டு புரொபெல்லர், ஐம்பது பேர், மழை மேகத்துக்குள்ளேயே பாதி வாழ்க்கை. அதில் கற்றதை வைத்துத்தான் இன்று 76 பேர் உட்காரும் சிஆர்ஜே 900 ஜெட்டில் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏடிஆரைப் பார்த்ததும் “இதுவா?” என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏர்பஸ் எஞ்சினுக்குள்ளும் முன்னால் சுற்றுவது காத்தாடிதான். கூடு போட்டு மூடியிருக்கிறது, அவ்வளவே. ஏடிஆரின் புரொபெல்லரைச் சுழற்றுவதும் ஜெட் விமானத்தில் இருக்கிற அதே வகை டர்பைன்தான். வெளியே தெரிகிறது என்பதற்காக அதைப் பழசு என்கிறீர்கள். மினி பஸ் ஓடுகிற ரூட்டில் வால்வோ கேட்கிற கதை.

கிளம்புமுன் கேப்டன் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார், எத்தனை கிலோ எரிபொருள் ஏற்றினார்கள் என்று. ஏடிஆர் 72 விமானம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 700, 800 கிலோ குடிக்கும். ஏர்பஸ் 320 சுமார் 2,400 கிலோ. ஏற்றுகிற ஆள் இரண்டரை மடங்குக்கும் குறைவு, குடிக்கிற எண்ணெய் மூன்று மடங்கு. சென்னைக்கும் வாகைக்குளத்துக்கும் இடையே பறக்கிற அந்தச் சின்ன தூரத்தில் ஜெட் மிச்சப்படுத்துவது கால் மணி நேரம் சொச்சம். அதையும் சென்னையில் இறங்க வரிசையில் சுற்றியே தீர்த்துவிடுவார்கள்.

இதோடு வரி. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் இல்லை, மாநிலங்கள் கையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலிலும் விட்டுக்கொடுக்க மாநிலங்கள் ஒப்பவில்லை. நம் மாநிலம் பல ஆண்டுகளாக 29 சதவீதம் போட்டு வந்தது. ஆனால் அட்டவணைப்படி பறக்கும் 40 டன்னுக்கு உட்பட்ட விமானம் என்றால் மத்தியச் சட்டப்படி வரி ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. ஏடிஆர் 23 டன். 80 இருக்கைக்குக் கீழே என்றால் இறங்கு கட்டணமும் இல்லை. இண்டிகோ ஏடிஆரில் 78 இருக்கை வைத்திருப்பது சும்மா இல்லை. 2005இல் கிளம்பிய பாரமவுண்ட் விமானக் கம்பெனி சின்ன எம்ப்ரேயர் ஜெட்டுகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கணக்குத் துணை இருந்தது. அது 2010இல் நின்றுபோனது வேறு கதை. ஆக, ஏர்பஸ் கேட்கும்போது நீங்கள் மாநிலத்தின் முழு வரியையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். டிக்கெட்டில் அது வந்து நிற்கும்போது யாரைத் திட்டுவீர்கள்?

இப்போது தம்பி விஷயம். நாலு ஏடிஆர் என்றால் 312 இருக்கை, எட்டு பைலட். இரண்டு ஏர்பஸ் வந்தால் இருக்கை அதைவிடக் கூடுதல், பைலட் நாலே பேர். வேலைக்கு எடுப்பதை முடிவு செய்வது எத்தனை விமானம், எந்த ரகம், அதை ஓட்ட எண்ணெய் கட்டுப்படியாகுமா என்பதுதான். ‘ஆயிரம் விமானத்துக்கு ஆர்டர்’ என்று பேப்பரில் வருவதைப் பார்த்துத் தோப்பை விற்கக் கிளம்புகிறீர்கள். ஆர்டர் போட்ட விமானம் வந்து சேருவதற்குள் என்னென்னவோ நடக்கும். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டபோது கையில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நம் பக்கத்திலேயே உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இங்கேயும் இதே கதை. சின்ன ரீஜனல் கம்பெனிகள் 50 இருக்கை ஜெட்டுகளை வாங்கிக் குவித்தன. அவற்றுக்குப் பெரும்பாலும் எண்ணெய் பில் கட்டுவது பெரிய விமானக் கம்பெனி. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பில் ஏறினால் எந்த விமானத்தை நிறுத்துவது என்று முடிவெடுப்பதும் அவர்களே. சின்சினாட்டியின் காம்ஏர் அப்படித்தான் போனது, 2012 செப்டம்பரில் டெல்டா மூடியது. பிறகு 1,500 மணி நேரம் பறந்தால்தான் வேலை என்ற சட்டம் 2013இல் வந்தது, பைலட் பஞ்சம் வந்தது, 2022இல் புதுசாகச் சேர்கிற ஃபர்ஸ்ட் ஆபீஸருக்கு மணிக்கு 90 டாலர் வரை ஏறியது. அதற்குமுன் அவர்கள் வாங்கியது கேவலமான சம்பளம், நானும் வாங்கியிருக்கிறேன். 2023 ஜனவரியில் ஹொரைசன் என்ற ரீஜனல் கம்பெனி தன் கடைசி புரொபெல்லர் விமானத்தையும் ஓரங்கட்டி ஒரே ரக ஜெட்டுக்கு மாறியது. 2024இல் பெரிய கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் எங்கள் பக்கம் வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஏறுவதும் இறங்குவதும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள்.

இதையெல்லாம் அமெரிக்காவில் உட்கார்ந்து சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேட்கலாம். அப்பா வாழைத்தோட்டத்தை விற்றுத்தான் நானும் பறந்தேன். “நம்மூருக்கே ஒரு நாள் ஓட்டிட்டு வருவா” என்று அவர் ஆறுமுகநேரி வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். வரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பாலம் துண்டித்து ஏரல் தனித்து நின்றபோது நான் இங்கே சிமுலேட்டரில் எஞ்சின் தீப்பிடிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். இங்கே எனக்கு வீடு இருக்கிறது, சீனியாரிட்டி நம்பர் இருக்கிறது, அதை விட்டு வரப்போவதில்லை. அதனால்தான் வாயாவது பேசட்டும் என்று எழுதுகிறேன்.

சித்தப்பா, தம்பிக்கு ஆசை நிஜமாக இருந்தால் படிக்கட்டும். ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே பல லட்சம் கட்டி, ஏர்பஸ் ரகத்தை மட்டும் ஓட்டத் தகுதி தருகிற டைப் ரேட்டிங் போட்டுவிட வேண்டாம். ஏடிஆருக்கு ஆள் எடுத்தால் அந்தக் காகிதம் உதவாது. ஏடிஆரில் சேர்ந்தால் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, சீக்கிரம் வரும் என்பது பைலட்டுகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எந்தக் கம்பெனி எந்த ரகத்துக்கு எடுக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பைலட்டுக்கான கிளாஸ் ஒன் மெடிக்கல் பரிசோதனையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்; கண்ணோ காதோ தவறினால் தோப்பாவது மிஞ்சும்.

மனுவில் மூன்றாவதை அடித்துவிட்டு, ‘ஏடிஆரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், காலையில் ஒன்று முன்னதாகவே கிளம்ப வேண்டும்’ என்று எழுதுங்கள். ஏர்பஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வரிக்குத் தனியாக ஒரு மனு எழுதிச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பட்டும், அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், எனக்கு அப்போது காலை. அதுவரை கீழத்தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.