முந்தைய வரியைத் தேடி அலையும் கம்ப்யூட்டர்

'கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ராம் கூட்டுங்கள், எஸ்.எஸ்.டி. போடுங்கள், புது மெஷின் வாங்குங்கள் என்று மூன்று பதில் உடனே கிடைக்கும். அந்தக் கம்ப்யூட்டரிடம் நீங்கள் என்ன வேலை வாங்குகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். டேட்டாபேஸ் வைத்துக் கடைக் கணக்கோ வண்டிக் கணக்கோ பார்ப்பவர்கள் பலர், இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாததால்தான் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள் என்பது என் கருத்து.

குறிப்பாக ஒரு வகைக் குவெரியைச் சொல்கிறேன். இந்த ரெக்கார்டையும் இதற்கு முந்தைய ரெக்கார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குவெரி. கரண்ட் மீட்டர் ரீடிங், வங்கி இருப்பு, சர்க்கரை அளவு, பங்கு விலை என எதை எடுத்தாலும் நமக்கு வேண்டியது இரண்டு ரெக்கார்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான். கேட்க எளிதாக இருக்கும். ரெக்கார்டுகள் ஆயிரக்கணக்கில் ஆனதும் மானிட்டரில் மணல் கடிகாரம் சுற்ற ஆரம்பித்துவிடும். (இப்போது அது நீல வட்டமாகிவிட்டது. சுற்றுவது மட்டும் நிற்கவில்லை.)

எனக்குத் தெரிந்த ஒரு லாரி உரிமையாளர் நாமக்கல் பக்கம் இருக்கிறார். 14 வண்டிகள். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் வண்டி எண், தேதி, கிலோமீட்டர் ரீடிங், எத்தனை லிட்டர் என்று ஆக்சஸ் டேபிளில் பதிவாகும். பல வருடக் கணக்கு, சுமார் 35,000 ரெக்கார்டுகள். மைலேஜ் ரிப்போர்ட்டை ஓடவிட்டால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு 60,000 ரூபாய்க்குப் புது மெஷின் கொட்டேஷன் கொடுத்தார். டேபிளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த ரிப்போர்ட்டுக்குள் நடந்தது இதுதான். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும், 'இதே வண்டியில் இதற்கு முன்னால் இருந்த ரீடிங் எது?' என்று ஒரு உள் குவெரி கேட்கிறது. டேபிளில் இன்டெக்ஸ் இல்லை. ஆகவே அந்த ஒரு பதிலுக்காக 35,000 ரெக்கார்டுகளையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். அடுத்த ரெக்கார்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து. 35,000 பெருக்கல் 35,000 என்றால் 122 கோடியே 50 லட்சம் ஒப்பீடுகள். இதைச் செய்யும் கம்ப்யூட்டரை ஸ்லோ என்று சொல்வது நியாயமா?

நான்கு மடங்கு வேகமான மெஷின் வாங்கினால் நேரம் நான்கில் ஒன்றாகும், உண்மைதான். ஆனால் ரெக்கார்டுகள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகிவிடும். 70,000 ரெக்கார்டுகள் சேரும் நாளில் பழைய வேகத்துக்கே திரும்பி வந்திருப்பீர்கள். 60,000 ரூபாய் போனது போனதுதான்.

மின்சார மீட்டர் பக்கத்தில் தொங்கும் அட்டையை நினைத்துப் பாருங்கள். ரீடிங் எடுக்க வருபவர் புது ரீடிங்கை எழுதுவார், மேல் வரியில் இருப்பதைக் கழிப்பார், யூனிட் வந்துவிடும். அட்டையின் முதல் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டிருக்க மாட்டார். எக்செலிலும் அப்படித்தான். வண்டி, தேதி வாரியாக சார்ட் செய்துவிட்டு, பி3 செல்லிலிருந்து பி2 செல்லைக் கழித்து, கீழே வரை இழுத்துவிட்டால் முடிந்தது. அப்படியானால் எக்செலைவிடப் பெரியதென்று சொல்லப்படும் டேட்டாபேஸ் ஏன் திணறுகிறது?

காரணம் 1970-ல் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய ரிலேஷனல் டேட்டாபேஸ்களுக்கு அடித்தளம். அவருடைய முறையில் ஒரு டேபிளின் ரெக்கார்டுகளுக்கு வரிசை என்று எதுவும் கிடையாது. ஒரு பையில் போட்ட சீட்டுகள் மாதிரிதான். 'மேல் வரி' என்று சொன்னால் டேட்டாபேஸுக்குப் புரியாது, ஏனென்றால் மேல், கீழ் என்பதே அங்கே இல்லை. எந்த வரிசைப்படி முந்தையது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு நல்ல வழி இல்லாத காலத்தில்தான் உள் குவெரி, செல்ஃப் ஜாயின் எல்லாம் பழக்கத்துக்கு வந்தன. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நான் பார்த்த பயிற்சி நோட்டுகள் பலவற்றில் எஸ்.க்யூ.எல். பாடம் இன்னமும் செல்ஃப் ஜாயினோடு முடிந்துவிடுகிறது. என் குறை இதுதான்.

முதல் மருந்து இன்டெக்ஸ். பழைய கணக்குப்பிள்ளைகள் குறிப்பேடு, பேரேடு என்று இரண்டு வைத்திருப்பார்கள். நடந்தது நடந்தபடி குறிப்பேட்டில் ஏறும். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், அதில் தேதி வாரியாகக் கணக்கு. வண்டி எண், தேதி என்ற இரண்டு ஃபீல்டுகளையும் சேர்த்துப் போடும் இன்டெக்ஸ்தான் இந்தப் பேரேடு. எது முதலில் என்பது முக்கியம். தேதியை முதலில் போட்டால் வண்டிக்கு ஒரு பக்கம் என்ற வசதி போய்விடும். ஆக்சஸில் டேபிளை டிசைன் வியூவில் திறந்து 'இன்டெக்சஸ்' பட்டனை அழுத்துங்கள். முதல் வரியில் ஒரு பெயரும் வண்டி எண் ஃபீல்டும், அடுத்த வரியில் பெயரைக் காலியாக விட்டு தேதி ஃபீல்டும் கொடுத்து சேவ் செய்யுங்கள். லாரிக்காரருக்குச் செய்தது இவ்வளவுதான். ஒரு வண்டிக்குச் சராசரியாக 2,500 ரெக்கார்டுகள். இனி அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டினால் போதும் என்பதால், மோசமான நிலையில்கூட 122 கோடி 8 கோடியே 75 லட்சமாகக் குறைகிறது. டேட்டாபேஸ் சாமர்த்தியமாக நேரே முந்தைய பதிவுக்கே தாவினால் இன்னும் குறையும். அவர் புது மெஷின் வாங்கவில்லை.

இரண்டாவது மருந்துதான் சரியான மருந்து. 'விண்டோ ஃபங்ஷன்' என்று பெயர். விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் 'லேக்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. இன்டர்நெட் ஸ்லோவானால் சொல்வோமே, அதே வார்த்தைதான், பின்தங்குவது என்று பொருள். லேக் (கிலோமீட்டர்) ஓவர் (பார்ட்டிஷன் பை வண்டிஎண் ஆர்டர் பை தேதி, கிலோமீட்டர்) என்று எழுத வேண்டும். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில்தான். 'ஒவ்வொரு வண்டியையும் தனியாகப் பிரி, தேதி வாரியாக அடுக்கு, மேல் வரியில் உள்ள கிலோமீட்டரைக் கொடு' என்பது இதன் அர்த்தம். ஒருமுறை சார்ட், பிறகு மேலிருந்து கீழே ஒரே ஒரு நடை. மின் அட்டைக்காரர் செய்யும் அதே வேலை.

ஆரக்கிள் 8ஐ வெர்ஷனிலேயே இது வந்துவிட்டது. 2003-ல் எஸ்.க்யூ.எல். தர வரையறையிலும் விண்டோ ஃபங்ஷன்கள் இடம்பெற்றன. இலவச டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரெஸ் 2009-ல் 8.4 வெர்ஷனிலும், மை எஸ்.க்யூ.எல். 2018-ல் 8.0 வெர்ஷனிலும், எஸ்க்யூலைட் அதே ஆண்டு 3.25 வெர்ஷனிலும் கொடுத்தன. மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் லேக் 2012-ல் வந்தது. அதே மைக்ரோசாஃப்டின் ஆக்சஸில் மட்டும் இன்று வரை இல்லை. வீட்டிலும் சிறு ஆபீஸிலும் இருப்பவர்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸுக்கு இது வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

மை எஸ்.க்யூ.எல். 5 தொடரில் இருப்பவர்கள் ஒரு வேரியபிளில் முந்தைய மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தந்திரத்தைப் பயன்படுத்துவார்கள். பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் எந்த வரிசையில் கணக்குப் போடப்படும் என்று உத்தரவாதம் இல்லை. 8.0 தொடரிலேயே இந்த முறை இனி வேண்டாம் என்று அறிவித்தும்விட்டார்கள். 5.7 வெர்ஷனுக்கான சப்போர்ட்டும் 2023 அக்டோபரோடு முடிந்தது. மாறிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி மட்டுமே பேசிவிட்டால் பாதி விஷயம்தான் சொன்னதாகும். தவறான பதிலை வேகமாகக் கொடுக்கும் குவெரி இன்னும் ஆபத்தானது.

சிலர் ஆட்டோநம்பரில் ஒன்றைக் கழித்து, அதுதான் முந்தைய ரெக்கார்டு என்று வைத்துக்கொள்வார்கள். மின்னல் வேகத்தில் ஓடும். ஆனால் டிரைவர் பத்து நாள் கழித்து ஊர் திரும்பி ஒரு கட்டு பில்லைக் கொடுப்பார். 15-ம் தேதி பில் முதலிலும் 12-ம் தேதி பில் பிறகும் ஏறும். ஆட்டோநம்பர் என்பது பதிவு செய்த வரிசை, வண்டி ஓடிய வரிசை அல்ல. நடுவில் ஒரு ரெக்கார்டை அழித்திருந்தாலும் கணக்கு அறுந்துவிடும். தேதியை டெக்ஸ்ட் ஃபீல்டில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: 02/01/2024 என்பது 15/12/2023-க்கு முன்னால் வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ஒரு வண்டி 2,40,000 கிலோமீட்டரில் ஃபுல் டேங்க் அடிக்கிறது. 600 கிலோமீட்டர் ஓடியபின் டிரைவர் கையில் இருந்த காசுக்கு 50 லிட்டர் மட்டும் போடுகிறார். இன்னும் 200 கிலோமீட்டர் போனதும் 150 லிட்டர் போட்டு ஃபுல் ஆக்குகிறார். 800 கிலோமீட்டருக்கு 200 லிட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர். லோடு லாரிக்கு இது சாதாரணம். ஆனால் முந்தைய ரெக்கார்டோடு மட்டும் ஒப்பிட்டால் முதலில் 12 என்றும் அடுத்து 1.33 என்றும் வரும். அந்த 1.33-ஐ மட்டும் பார்க்கும் முதலாளி என்ன நினைப்பார்? டீசல் எங்கே போனது என்று டிரைவரைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். லாரிக்காரரின் ரிப்போர்ட்டிலும் இப்படிப்பட்ட எண்கள் இருந்தன, பக்கத்தில் சிவப்பு மையில் டிரைவர் பெயரோடு. ஒரு மனிதரின் நாணயத்தைச் சந்தேகிக்கும் முன் எந்த 'முந்தைய' ரெக்கார்டு என்று கேட்டிருக்க வேண்டாமா? இங்கே ஒப்பிட வேண்டியது முந்தைய ஃபுல் டேங்க் ரெக்கார்டோடு.

இதற்கும் விண்டோ ஃபங்ஷனே கை கொடுக்கும். முதலில் ஒவ்வொரு வண்டிக்கும் இதுவரை போட்ட மொத்த லிட்டர் என்று ஓடும் கூட்டலை 'சம் ஓவர்' மூலம் ஒரு காலமாக உருவாக்குங்கள். அதை உள் குவெரியாக வைத்து, வெளியே ஃபுல் டேங்க் ரெக்கார்டுகளை மட்டும் எடுங்கள். கிலோமீட்டர், மொத்த லிட்டர் இரண்டுக்கும் லேக் போட்டுக் கழியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 800-ம் 200-ம் சரியாக வந்து நிற்கும். பாதி டேங்க் எத்தனை முறை போட்டிருந்தாலும் கவலையில்லை. இதற்கு ஃபுல் டேங்கா இல்லையா என்று ஒரு 'எஸ்/நோ' ஃபீல்டு டேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே சேருங்கள். அந்தத் தகவல் இல்லாமல் எந்தக் குவெரியாலும் உண்மையைச் சொல்ல முடியாது.

லேக் எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒவ்வொரு வண்டியின் முதல் ரெக்கார்டுக்கும் முந்தையது கிடையாது, 'நல்' வரும். அசிங்கமாக இருக்கிறதே என்று அங்கே பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். 2,40,000 கிலோமீட்டரை ஒரே டேங்க்கில் ஓட்டியதாகக் கணக்கு வரும். அடுத்தது, இந்த மாத ரிப்போர்ட் மட்டும் வேண்டுமென்று அதே குவெரியில் 'வேர்' போட்டுத் தேதியை வடிகட்டினால், வடிகட்டிய பிறகுதான் லேக் வேலை செய்யும். மாதத்தின் முதல் ரெக்கார்டுக்குப் போன மாதத்தின் கடைசி ரீடிங் தெரியாமல் போய்விடும். லேக்கை உள்ளே வைத்துத் தேதி வடிகட்டலை வெளியே வையுங்கள்.

ஆக்சஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? இன்டெக்ஸ் போட்டும் திருப்தி இல்லையென்றால், டேபிளை சி.எஸ்.வி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச புரோகிராமில் இம்போர்ட் செய்து பாருங்கள். அங்கே குவெரியின் முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன் குவெரி பிளான்' என்று சேர்த்து ஓடவிட்டால், டேட்டாபேஸ் என்ன செய்யப் போகிறது என்பதைச் சொல்லிவிடும். 'ஸ்கேன்' என்று வந்தால் முழு டேபிளையும் படிக்கிறது, 'சர்ச்' என்றால் இன்டெக்ஸ் வழியாகத் தேடுகிறது. லேக் குவெரியில் ஒரு ஸ்கேன் வரத்தான் செய்யும், ஒரே ஒரு நடை என்பதால் பயமில்லை. உள் குவெரிக்குள் ஸ்கேன் என்று வந்தால்தான் அந்த 122 கோடிக் கதை.

ஆக்சஸை விட மனமில்லாதவர்கள் வி.பி.ஏ.யில் ஒரு லூப் எழுதி, சார்ட் செய்த ரெக்கார்டுகளை ஒரே தடவையில் கடந்து போகலாம், முந்தைய ரீடிங்கை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு. 'டிலுக்கப்' ஃபங்ஷனைக் குவெரிக்குள் போடுவதை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அது தனியாக ஒரு குவெரி ஓட்டும். முந்தைய ரீடிங்கையும் டேபிளிலேயே ஒரு ஃபீல்டாக வைத்துவிடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் பழைய பில் ஒன்றைத் திருத்தினால் அடுத்த ரெக்கார்டையும் நினைவாகத் திருத்த வேண்டும், அது நடக்காது. எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அந்த எம்.டி.பி. அல்லது ஏ.சி.சி.டி.பி. ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.