பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு ஒரு திறந்த மடல்



வாட்ஸ்அப் குழுவில் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன், இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ப் பையன்களிடையே ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. பாங்கில் புதுக் கணக்கு தொடங்கி, ஏடிஎம் கார்டையும் அந்தக் கணக்கோடு இணைத்த சிம்மையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டால், மாதாமாதம் சும்மா பணம் வருமாம். அதற்குக் ‘கணக்கு வாடகை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். “என் கணக்கில் பத்து பைசா இல்லை, எதைத் திருடப் போறான்?” என்று ஒரு தம்பி குரல் பதிவில் கேட்டிருந்தான். அவனுக்குத்தான் முதலில் இந்த மடல்.

தம்பி, உன்னிடம் பணம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவனுக்கு வேண்டியது உன் பெயர்.

ஒருவருடைய கார்டு எண்ணையோ ஓடிபியையோ பறித்துவிட்டால் மட்டும் திருடனுக்கு வேலை முடிந்துவிடாது. எடுத்த பணத்தை எங்கேயாவது இறக்க வேண்டும். தன் பெயரில் இறக்கினால் அன்று சாயங்காலமே போலீஸ் வீட்டு வாசலில் நிற்கும். அதனால் யாரோ ஒரு கந்தன், யாரோ ஒரு முருகன் பெயரில் கணக்கு வேண்டும். பணம் ஒரு கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் பத்தாகப் பிரிந்து வேறு கணக்குகளுக்கு ஓடுகிறது. கொஞ்சம் ஏடிஎம்மில் ரொக்கமாகிறது, கொஞ்சம் கிரிப்டோவாகி நாட்டை விட்டே போகிறது. விசாரணை பின்னால் நடந்து வரும்போது, முகவரி, போட்டோ, கைரேகை எல்லாம் சரியாக இருக்கிற ஒரே ஆள் கணக்கை வாடகைக்கு விட்டவன்தான். போலீஸ்காரர்கள் இதை ‘மியூல் கணக்கு’ என்கிறார்கள். பொதி சுமக்கிற கோவேறு கழுதைக்குத்தான் அந்தப் பெயர்.

இங்கே சிங்கப்பூரில் இதை நம்மாட்களிடமே பார்க்கிறோம். வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பப் போகிறவனை விடுதியில் யாராவது அணுகுவார்கள். “போகத்தானே போறே, இந்தக் கார்டு உனக்கு எதுக்கு?” என்று சில நூறு வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, கையில் திணித்து, ஏடிஎம் கார்டையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்வார்கள். இந்த ஊரில் அரசாங்க வேலைகளுக்கெல்லாம் ‘சிங்பாஸ்’ என்று ஒரு மின்னணு அடையாளம் உண்டு. தன் சிங்பாஸ் கடவுச்சொல்லைக் குற்றச் செயலுக்கென்று இன்னொருவருக்குக் கொடுப்பதை 2024-இல் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டை அடகு வைத்து விமானம் ஏறி வந்தவன் சில நூறு வெள்ளிக்காகச் சிறைக்குப் போய், பிறகு இந்த நாட்டுக்குள்ளேயே வர முடியாமல் போவதை என்ன கணக்கில் எழுதுவது?

ஊரில் இது வேறு மாதிரி வந்து சேரும். ஒருநாள் கணக்கு முடங்கிவிட்டதாகப் பாங்கில் சொல்வார்கள். முடக்கச் சொன்னது நம் மாவட்டப் போலீஸாக இருக்காது. குஜராத்திலோ தெலங்கானாவிலோ ஏதோ ஒரு காவல் நிலையம். நூறு நாள் வேலைக் கூலியும் கேஸ் மானியமும் அதே கணக்கில் வந்தால் அவையும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். வக்கீல், பஸ், ரயில், மொழி தெரியாத ஊரில் காத்திருப்பு எல்லாம் உன் செலவு. வாடகை கொடுத்தவனின் போன் அப்போது அணைந்திருக்கும்.

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எங்களைப் பார்த்துத்தான் உங்களுக்கும் ஆசை வருகிறது, அதில் தப்பில்லை. ஆனால் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம், டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள் என்று எவனாவது சொன்னால் நின்று யோசியுங்கள். அப்படிப் போய் மியான்மாரின் மியாவாடி பகுதியில் மோசடிக் கூடங்களுக்குள் அடைபட்ட தமிழக இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். ஊர் பேர் தெரியாதவர்களை போனிலும் இணையத்திலும் ஏமாற்றுவதுதான் அங்கே கொடுக்கிற வேலை. மறுத்தால் அடி. உங்களுக்கு நாளைக்கு வருகிற மோசடி அழைப்பின் மறுமுனையில் இருப்பவன் இன்னொரு ஊரின் பிள்ளையாகவே இருக்கலாம். ஆள் எடுக்கிற ஏஜெண்ட் இந்திய அரசின் ‘இமைக்ரேட்’ தளத்தில் பதிவு செய்தவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னது, பெயரைத் தெரிந்தே கொடுப்பது. தெரியாமல் கொடுப்பது இதைவிட அதிகம்.

நம் ஊரில் ஆதார் நகல் கேட்காத இடம் எது? நகைக்கடன், மகளிர் குழுக் கடன், லாட்ஜ், சிம் கடை, தவணைக்கு மிக்சி, கல்யாண மண்டபம்கூட. நாமும் ஜெராக்ஸ் கடையில் கூடவே நாலு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறோம். சரியாக விழாத பிரதி அந்தக் கடையின் குப்பைக் கூடையில் கிடக்கிறது. போனிலிருந்து அனுப்பிய படம் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவையோ, ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டிய அவசியமோ இருந்தாலொழிய எந்தத் தனியார் நிறுவனமும் அடையாள அட்டையின் எண்ணையோ நகலையோ வாங்கி வைக்கக் கூடாது. பெர்மிட்டில் இருக்கிற எங்கள் எண்ணுக்கும் இது பொருந்தும். இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் பெருமை பேச வரவில்லை. 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் போன பணம் சுமார் 110 கோடி வெள்ளி. இருந்தாலும் அட்டையைக் கேட்டால் “எதற்கு?” என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் இங்கே வந்திருக்கிறது. ஊரில் அப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவாகப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

2022 மே மாதக் கடைசியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. நாடே பதறியதும் இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். என்னைக் கேட்டால் முதலில் சொன்னதுதான் சரி. அதிலேயே இருந்த நல்ல யோசனை, மறைக்கப்பட்ட ஆதார். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரியும், மற்றவை மறைந்திருக்கும். பல இடங்களுக்கு அது போதும். முழு நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் முகத்தின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள். எழுதிய நகலை இன்னொரு வேலைக்குத் திருப்பி விடுவது சிரமம்.

அப்படித் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வாழ்நாளில் ஒரு பில் போடாத கூலித் தொழிலாளி பெயரில் யாரோ கம்பெனி தொடங்கி, கடைசியில் அவர் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணை வைத்து எவனோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக ட்விட்டரில் புலம்பினார். சினிமா நடிகைக்கே அந்தக் கதி. அவரும் கவனித்ததால்தான் தெரிந்தது. உங்கள் பெயரில் என்னென்ன கடன் ஓடுகிறது என்பதை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்கள் பெயரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்பதை அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண்ணை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தெருவுக்கே பார்த்துக் கொடுத்துவிட முடியும்.

கைரேகை விஷயம் தனி. 2018-இல் பிடிபட்ட, தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவன், நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைப் பார்த்து ரப்பரில் ரேகை செய்து ஆயிரக்கணக்கான சிம்களை இயக்கியிருந்தான். நம் அப்பத்தாக்கள் சின்னக் கருவியில் விரல் வைத்துப் பணம் எடுக்கிறார்களே, அதற்கு ஓடிபி கிடையாது. ஆதார் எண்ணும் ரேகையும் பாங்கின் பெயரும் போதும். அப்படிப் பணம் எடுக்கத் தேவையில்லாதவர்கள் ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைத்துவிடலாம். ரேஷன் கடையில் ரேகை வைக்கிறவர்கள், அங்கே சிக்கல் வராமல் எப்படி என்று முதலில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கிரெடிட் கார்டு நம் ஊரில் பத்து வருடத்துக்கு முன்னால் கடைவீதி முதலாளிகளிடம் மட்டும் இருந்தது. இப்போது பேருந்து நிலையத்தில் மேஜை போட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கியவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: பாங்க் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். இந்திய இணையக் கடையில் ஓடிபி கேட்கும். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அது இல்லை. முன்பக்க எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம் மூன்றும் போட்டோவில் சிக்கினால் போதும். அப்படியே தட்டினால் பணம் போகிற வசதியையும் பாருங்கள். 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காமலே போகும். வேண்டாமென்றால் அதையும் அணைக்கலாம்.

இனி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருக்கிற பெற்றோருக்கு. எங்கள் வழியாகத்தான் உங்களைப் பிடிக்க வருகிறார்கள். உங்கள் மகன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, சிங்கப்பூர் போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். பிறகு வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை தெரியும். டிஜிட்டல் அரெஸ்ட், கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்று மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று எதுவுமே கிடையாது. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு 2024-இல் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். பயம் வந்தால் படிப்பு எங்கோ போய்விடுகிறது. போனை வையுங்கள். எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் எடுக்காவிட்டால், எங்களோடு வேலை செய்கிறவனைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணையும் எங்களிடம் கேட்டு இப்போதே காலண்டரில் எழுதி வையுங்கள்.

என்னைப் போல் கடல் கடந்து இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் பாங்க் கணக்கோடு இணைத்த சிம்மைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். 90 நாள் பயன்படுத்தாமலும் ரீசார்ஜ் இல்லாமலும் கிடந்தால் கம்பெனி எண்ணைத் துண்டிக்கலாம்; கொஞ்ச காலத்தில் அதே எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நம் கணக்கின் ஓடிபி யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற தம்பிமார்கள் அண்ணன்களின் எண்ணுக்கு அவ்வப்போது ரீசார்ஜ் போட்டு விடுங்கள். காசை நாங்கள் அனுப்புகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பாங்குக்கும் சொல்லி கார்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் இன்னும் வாடகைக் கணக்குகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் வழியிலேயே நிறுத்த முடிகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, பாங்குடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் பாங்கில் புகார் கொடுத்தவருக்கு நட்டம் இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கிற வரைக்கும் போனது உங்கள் நட்டம். அதற்குப் பிறகு போவது பாங்கின் பொறுப்பு. ஆகவே அப்போதும் ஓடத்தான் வேண்டும். பாங்கில் ‘பார்க்கிறோம், நாளைக்கு வாங்க’ என்றால் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

நம் ஊரில் இதற்குப் பெரிய தடை வெட்கம். மருமகளுக்குத் தெரியக் கூடாது, பங்காளி சிரிப்பான் என்று மூடி வைக்கிறோம். ஊர்க் குழுவில் ஒருவர் ‘எனக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தது’ என்று எழுதினால், தயவு செய்து கேலிப் படம் போடாதீர்கள். அவர் எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்தவர் போனை வைப்பார்.

ஊர்த் தலைவர் ஐயாவுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டுறவு பாங்க் வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் 1930 என்று பெரிதாக எழுதி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பெயிண்ட் செலவை இங்கே இருக்கிற நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். உபயதாரர் பெயர் எதுவும் கீழே வேண்டாம், எண் சின்னதாகிவிடும். மற்றவர்கள் வீட்டுக்கு வீடு ஒரு ரகசியக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். மகன் குரலையே போலியாக உருவாக்கி, அழுதுகொண்டு ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று அழைப்பு வந்தால், வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் வைத்திருப்பது என்ன என்று மட்டும் குழுவில் யாரும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சிங்கப்பூர்