ஓவியங்களுக்கு மலையேறத் தெரியாதா?

நவீனக் கலைக்கூடங்களின் 'பருவக் கண்காட்சி' அறிவிப்புகளைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இவர்கள் பருவம் என்பது யாருடைய பருவம்? பெரும்பொழுது ஆறு என வகுத்து, அவற்றுள் கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு உரியவை என்று காலத்தை நிலத்தோடு சேர்த்துக் கட்டிய மொழி நம்முடையது. கலைக்கூடத்தின் பருவத்துக்கோ நிலமே இல்லை. பெருநகரத்தில் வெயில் தணிந்து, வெளிநாட்டு விருந்தினர் வந்திறங்கி, செல்வர்கள் ஓய்வாக இருக்கும் மாதங்கள் எவையோ அவையே அதன் பருவம். குறிஞ்சி நிலத்தார்க்கு அந்த அழைப்பிதழ் போவதில்லை.

குறிஞ்சி என்று நாம் உரையாசிரியர்களின் குறிஞ்சியைச் சொல்லவில்லை. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் அமிர்தியையும், அதற்குமேல் ஜமுனாமரத்தூர் வரை விரியும் மலையூர்களையும் சொல்கிறோம். அங்கிருந்து இறங்கிவந்து தமிழிலக்கியம் பயிலும் பிள்ளைகளுக்கு நாம் குறிஞ்சித்திணை நடத்துகிறோம்! அந்த நகைமுரணை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அப்பிள்ளைகளுள் ஒருவர் நவீன ஓவியத்தின் மூலப்படி ஒன்றை நேரில் காண விரும்பினால் எங்கே போவார் என்பதே நம் கேள்வி.

தேசிய நவீனக் கலைக்கூடம் தில்லியில் 1954இல் திறக்கப்பட்டது. மும்பைக் கிளை 1996இல், பெங்களூருக் கிளை 2009இல். சென்னைக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. இத்தனைக்கும் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி சென்னையில்தான் இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப்பின் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்து வளர்த்த அந்தப் பள்ளியிலிருந்துதான் 'மெட்ராஸ் இயக்கம்' எனப்படும் பெரும் அலையே எழுந்தது. தனபால், முனுசாமி, சந்தானராஜ், ஆதிமூலம், பாஸ்கரன் என நீளும் அந்த வரிசையை ஒருசேரக் காண, 1966இல் ஓவியர்களே கூடி உருவாக்கிய சோழமண்டலம் கிராமத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சமகாலக் கலைக்கு ஒரு கூடம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆயினும் "இந்தப் பருவத்தில் இன்னின்ன கண்காட்சிகள்" என்று ஆண்டுதோறும் மக்களை அழைக்கும் ஒரு பொது நிறுவனமாக அது வளரவில்லை. ஓவியர்கள் தங்கள் கைப்பொருளைக் கொண்டு செய்ததை அரசுகள் ஏன் செய்யவில்லை?

சென்னைக்கு ஒரு கிளை கேட்டுக் குரல்கொடுப்போர் உண்டு. அக்குரலோடு நாமும் சேர்கிறோம், ஆனால் அங்கேயே நின்றுவிட மாட்டோம். சென்னையில் இன்னொரு குளிரூட்டிய மாளிகை எழுவதால் அமிர்திக்கு என்ன ஆகப்போகிறது? மேற்சொன்ன சந்தானராஜ் பிறந்த ஊர் திருவண்ணாமலை. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி அந்த மாவட்டத்தில்தான் அடங்குகிறது. தம் மண்ணில் பிறந்த ஒருவர் இந்திய நவீன ஓவியத்தில் எத்தகைய இடம் பெற்றார் என்பதை இம்மலையின் பிள்ளைகள் அறிய வழியே இல்லை என்றால், அது யாருடைய குற்றம்?

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு, "அவர்களுக்குப் புரியுமா?" என்பது. 1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதையை நோக்கி வீசப்பட்ட அதே கல்! அன்று சி.சு. செல்லப்பா என்ன செய்தார்? வாசகர்கள் பக்குவப்பட்டு வரட்டும் என்று திருவல்லிக்கேணியில் காத்திருந்தாரா? புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். மேலும், இம்மலையை அடுத்த செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆநிரை மீட்டு மாண்டவனைக் கல்லில் உருவாகச் செதுக்கி, பெயரும் செயலும் பொறித்து, வெட்டவெளியில் நிறுத்திய மண் அது. அந்த மண்ணில் நின்றுகொண்டு "இவர்களுக்கு உருவமொழி புரியாது" என்பவர்க்குத்தான் ஏதோ புரியவில்லை.

இரண்டாவது மறுப்பு, பாதுகாப்பு. ஈரப்பதம், காப்பீடு, மலைப்பாதை என்று அடுக்குவார்கள். எண்ணெய் வண்ண மூலப்படிகளைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே வார்ப்பிலிருந்து பல படிகள் எடுப்பதற்கென்றே பிறந்தவை அச்சோவியங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946இல், பிரிட்டனில் பிரெண்டா ரான்ஸ்லி என்னும் பெண்மணி அக்காலத்து ஓவியர்களைக் கொண்டு கல்லச்சுப் படங்களை உருவாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். 1949 வரிசையில் பிக்காசோவும் மத்தீசும் இருந்தார்கள்! நம் நாட்டிலேயே, கொல்கத்தாவின் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965இல் அறிவியல் கண்காட்சியைப் பேருந்தில் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பிற்று. அறிவியல் ஏறிய பேருந்தில் ஓவியம் ஏறாதா?

ஏன், நமக்கு நவீன ஓவியம் அறிமுகமானதே எப்படி? கலைக்கூடத்தின் சலவைக்கல் தரையில் நின்றா? 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களின் மலிவான தாளில், சில நூறு படிகளில்தானே! ஆதிமூலத்தின் கருப்புக் கோடுகள் தபால்தலை ஒட்டிய உறைக்குள் மடங்கி எத்தனை சிற்றூர்களுக்குப் போயின! கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த கோடுகளை ஜூனியர் விகடனில் பார்த்தவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். புரியவில்லை என்று எவரும் இதழைத் திருப்பித் தந்துவிடவில்லை.

மூன்றாவது மறுப்பு ஒன்று உண்டு; அதுமட்டுமே நம்மைத் தயங்க வைக்கிறது. "சாலையும் மருத்துவமனையும் சரிவர இல்லாத மலைக்கு ஓவியம் எதற்கு?" சாலை வேண்டும், மருத்துவர் வேண்டும், இதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர்கள் மலைமக்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஓவியத்துக்கு ஒதுக்காத பணத்தில் மலைக்குச் சாலை போட்ட கதையையும் நாம் கேட்டதில்லை. மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகள் பயிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளில், சுவரில் ஆணியடித்து மாட்ட இருபது அச்சோவியங்கள் போதும். இதற்கு எந்தச் சாலையை நிறுத்திவைக்க வேண்டும்?

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அமிர்தியில் 1967 முதல் வனத்துறையின் சிறு உயிரியல் பூங்கா இயங்குகிறது. விடுமுறை நாள்களில் வேலூர் வட்டாரத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு அங்கே வருகின்றன. மான் பார்க்கக் காட்டுக்குள் வரும் கூட்டம், நிழலில் ஓர் ஓட்டுக்கொட்டகை இருந்தால் ஓவியமும் பார்க்கும். ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிருவாகம் நடத்திவரும் கோடை விழாவில் அரசுத் துறைகள் அரங்கு வைக்கின்றன. அவற்றினிடையே கலைக்கு ஓர் அரங்கு கேட்பது பேராசையா?

எனவே நாம் வேண்டுவது இது. ஓவிய நுண்கலைக் குழுவும், அருங்காட்சியகங்கள் துறையும், சென்னையில் மண்டல மையம் வைத்திருக்கும் லலித் கலா அகாதெமியும் இனி நடத்தும் கண்காட்சி ஒவ்வொன்றிலும் அச்சோவியங்கள், கோட்டோவியங்கள் கொண்ட ஒரு பகுதியைப் பயணத்துக்கென ஒதுக்கட்டும். முதற்பயணம் அமிர்தி வழியே மலையேறட்டும். தேதியைச் சென்னையில் உட்கார்ந்து குறிக்க வேண்டா. சாமை அறுவடை முடிந்து கைவேலை குறைந்திருக்கும் நாள்கள் எவை என்று மலையூராரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பருவத்தை அறிவிப்பில் அச்சிடுங்கள். சந்தானராஜின் கோட்டோவியங்களிலிருந்து தொடங்கலாம்.