கோப்பையில் என்ன இருக்கிறது?

எங்கேனும் ஓர் அற்புதம் நடந்ததென்று செய்தி வந்தால், நாம் உடனே கேட்பது, "மெய்யா, பொய்யா?" என்ற கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்தோடு நின்றுவிடலாமா? மெய்யாகவே நடந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு மண்டியிட வேண்டியதுதானா?

இந்தக் கேள்வியை எழுப்புகிறது ஒரு பேய்க் கதை. 'மிட்நைட் மாஸ்' – நள்ளிரவுப் பூசை – என்பது அதன் பெயர். மைக் ஃப்ளானகன் என்ற அமெரிக்க இயக்குநர் எடுத்தது. 2021ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் 7 பகுதிகளாக வெளிவந்த படத்தொடர்.

கதை நடக்கும் இடம் கிராக்கெட் என்ற சிறு தீவு. ஊரில் இருப்பவர் மொத்தம் 127 பேர். மீன் பிடித்துப் பிழைத்த ஊர். கடலில் எண்ணெய் கொட்டிற்று, மீன் போயிற்று, பிழைப்பும் போயிற்று. ஒவ்வொருவராக ஊரைவிட்டு வெளியேறினர். கம்பெனி நீட்டிய நட்டஈட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கோயிலுக்குக் கொடுங்கள் என்று ஊராரை இணங்க வைத்தாள் பெவ் கீன் என்ற பக்தை. மீனவனின் வலை காய்ந்தது. கோயிலுக்குப் புதுக் கட்டடம் எழும்பிற்று!

வயிறு காய்ந்த அந்த ஊருக்கு ஒரு புதுப் பாதிரியார் வருகிறார். அற்புதங்களும் கூடவே வருகின்றன. துப்பாக்கிக் குண்டு பட்டுக் கால் விழுந்த சிறுமி லீசா, பூசை நேரத்தில் சக்கர நாற்காலியைவிட்டு எழுந்து நடக்கிறாள். முதியவரின் முதுகுவலி போகிறது. மங்கிய கண் தெளிகிறது. கோயில் நிரம்புகிறது.

இங்கேதான், தோழர்களே, கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் மோசடி வித்தை ஏதுமில்லை. சிறுமி நடந்தது மெய். பாதிரியாரும் பணம் பறிக்க வந்த போலியல்லர். அவர்தாம் அவ்வூரின் பழைய பாதிரியார். முதுமையில் புண்ணிய பூமிக்குப் போன இடத்தில் வழி தவறி, இருண்ட குகையொன்றில் சிறகு முளைத்த ஒன்றைக் கண்டார். அது அவர் இரத்தத்தைக் குடித்தது. தன் இரத்தத்தை அவருக்கு ஊட்டிற்று. இளமை திரும்பிற்று. அது என்ன பிராணி என்று அவர் விசாரித்தாரா? இல்லை! 'தேவதூதன்' என்று பெயர் சூட்டினார். பெயர் சூட்டியதும் விசாரணை முடிந்தது. அதன் இரத்தத்தைத் திராட்சை ரசத்தில் கலந்து ஊராருக்குக் கொடுத்தார். ஊரார் குடித்தனர். கோப்பையில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை!

கேட்டவர்கள் கோயிலுக்கு வெளியே இருந்தனர். ஊர் டாக்டர் சாரா, இரத்தத்தை எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். அது தீப்பற்றி எரிந்தது. ஷெரீப் ஹசன் முஸ்லிம், தொழுகை தவறாதவன். ஒரு குழந்தையை எழுப்பிவிட்ட கடவுள், நோயில் துடிக்கும் மற்றக் குழந்தைகளை ஏன் விட்டுவிட்டார் என்று தன் மகனிடமே கேட்டான். ஆகவே இது பக்தனுக்கும் பக்தியில்லாதவனுக்கும் நடக்கும் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். ஹசன் பக்தன், ஆனாலும் கேட்டான். ரைலி என்ற இளைஞனோ நம்பிக்கை இழந்தவன். அவனையும் அந்த நச்சு இரத்தம் பிடித்துக்கொண்டபோது, தோழியைப் படகில் ஏற்றிக் கடலுக்குப் போய், உண்மையை எல்லாம் சொல்லி, விடியும்வரை காத்திருந்தான். சூரியன் எழுந்தது; அவள் கண்முன்னே எரிந்து சாம்பலானான். மெய்ப்பிக்க வேண்டும் என்பதற்காக உயிரையே கொடுத்தான்!

முடிவு என்ன? ஈஸ்டர் இரவுப் பூசையில் நஞ்சைக் கையில் கொடுத்து, "குடித்துச் சாவுங்கள், உயிர்த்தெழுவீர்கள்" என்றனர். பலர் குடித்தனர். எழுந்தனர், அண்டை வீட்டான் கழுத்தைக் கடித்தனர்! தீயில் வீடுகள் போயின, கோயிலும் போயிற்று. விடிந்தபோது ஒளிய நிழலில்லை. ஊரே சாம்பல்.

இது கற்பனைதானே என்பீர்கள். கற்பனைதான். நாட்டு நடப்பைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றனர் மக்கள். பாலில் நிறம் கலந்து காட்டினர் விஞ்ஞானிகள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து நழுவிய பால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்ததே தவிர, வயிற்றுக்குள் போகவில்லை.

2012இல் பம்பாய் வில்லே பார்லே பகுதியில், வேளாங்கண்ணி மாதா கோயிலில், சிலுவையில் தொங்கும் ஏசுவின் காலிலிருந்து நீர் சொட்டிற்று. புனித நீர் என்று பிடித்துச் சென்றனர். பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்தார். வடிகால் அடைப்பு! தேங்கிய நீரைச் சுவர் உறிஞ்சிச் சிலைவழியே சொட்டவிட்டது. சாக்கடை நீரைக் குடிக்காதீர்கள் என்று காட்டியவருக்கு நன்றி சொன்னார்களா? மத உணர்வைப் புண்படுத்தினார் என்று 295-ஏ பிரிவில் புகார் கொடுத்தார்கள்! அவர் அவ்வாண்டே நாட்டைவிட்டுப் பின்லாந்து போனார்.

கதையிலும் நடப்பிலும் ஒன்றைக் காண்கிறோம். அற்புதம் மெய்யோ பொய்யோ, அதைச் சோதித்தவனுக்கே முதல் அடி விழுகிறது. எனவே இனி எவராவது அற்புதம் என்று அழைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்படி நடந்தது? இதற்கு விலை என்ன, கொடுப்பவன் யார்? சோதிக்க விடுவாயா, மாட்டாயா? கடைசிக் கேள்விக்கு "மாட்டேன்" என்ற பதில் வந்தால், மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கொதிகலனில் அழுத்தம் ஏறினால் தொழிலாளி அதன்முன் கைகூப்பி நிற்பதில்லை. நெருப்பை நிறுத்துகிறான், அழுத்தம் இறங்கிய பின் திறந்து பார்க்கிறான், காரணம் தேடுகிறான். ஆலைக்குள் பயன்படும் அந்த அறிவை, வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வெளியே வராதீர்கள், தோழர்களே! எவர் கோப்பையை நீட்டினாலும் சரி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்; பிறகு வாயருகே கொண்டுபோங்கள்!