பன்றியைப் பழிக்கலாமா?



சற்றுப் பருமனான தோழனைப் "பன்றி" என்று கேலி செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், செய்துமிருக்கலாம். அளவின்றித் தின்றால் கொழுப்புச் சேரும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று பௌதிகம் கற்பிக்கும் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். கொழுப்பு செல் வெறும் சாக்குப்பை அன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

எந்தச் செல்லும் தொடக்கத்திலேயே கொழுப்பு செல்லாக இருப்பதில்லை. பன்றியின் கொழுப்புத் திசுவில் முன்னோடி செல்கள் காத்திருக்கின்றன. உணவுக்குப் பின் இரத்தத்தில் கூடும் இன்சுலின், அச்செல்லின் மேலுறையிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. உள்ளே கைனேஸ் எனும் நொதிகள் ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை முடுக்குகின்றன. அது அடுத்ததை முடுக்குகிறது. இப்படியே செய்தி உட்கருவை எட்டுகிறது. அங்கே 'பிபார்-காமா' என்ற புரதம் தேவையான ஜீன்களை இயக்க, கொழுப்பைக் கட்டும் நொதிகள் உருவாகின்றன. செல்லினுள் கொழுப்புத் துளி வளர்கிறது. 'விண்ட்' என்ற செய்திப் புரதமோ இந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. மின்சுற்றில் சுவிட்சும் தடையும் இருப்பது போலத்தான் இதுவும்.

கட்டுவது ஒருபுறம், எரிப்பது மறுபுறம். சுண்டெலியின் பழுப்புக் கொழுப்பில், கொழுப்பை எரித்து வெப்பமாக்கும் 'யுசிபி-1' என்ற புரதம் உண்டு. பன்றியின் மூதாதையரோ இதற்குரிய ஜீனை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டனர். பன்றிக்குட்டி குளிரில் நடுங்கியே சூடு தேட வேண்டியிருக்கிறது. 2017-இல் சீன விஞ்ஞானிகள் சுண்டெலியின் அந்த ஜீனைப் பன்றியில் சேர்த்தனர். அப்பன்றிகள் குளிரை நன்கு தாங்கின. அவற்றின் கொழுப்பும் குறைந்தது. ஒரே ஒரு புரதம் செய்த வேறுபாடு இது!

உணவுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே பந்தியில் ஒரே அளவு உண்ணும் இருவர் ஒரேபோல் பருப்பதில்லையே, ஏன்? உள்ளே ஓடும் செய்திகளும் நொதிகளின் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மீட்டரைப் பார்க்காமல் அளவை எழுதும் மாணவனுக்கு என் ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண் கிடையாது. ஒருவன் உடலைப் பார்த்த மாத்திரத்தில் அவனைப் பெருந்தீனிக்காரன் என்று முடிவுகட்டுவதும் அதே பிழைதான். பன்றியைப் பற்றியே அப்படிச் சொல்ல முடியாதபோது, பக்கத்துப் பெஞ்சு நண்பனைப் பற்றிச் சொல்லலாமா?