ஹாக்கி ஏலமும் நம் வாலிபரும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தினின்றும் நாம் வெளியே வருங்கால், வாயிற்புறத்தில் நம் கலாசாலை மாணாக்கர் சிலர் குழுமி நின்று, இலக்கங்களை உரக்கக் கூறி வாதஞ் செய்துகொண்டிருந்தனர். பரீட்சையில் பெற்ற எண்களாக இருக்கலாம் என எண்ணிச் சிறிது களிப்புற்று அருகே சென்றோம். அவை எண்களல்ல, இலட்சங்கள். டில்லியில் அன்று ஹாக்கி இந்தியா லீகின் சிற்றேலம் நடந்திருந்தது. எவ்வணி எவரை நிறுத்திக்கொண்டது, எவரை விடுத்தது, எவரை எவ்விலைக்குக் கொண்டது என்பதே வாதம். நம்மைக் கண்டதும் அவருள் ஒருவர், "ஐயா, நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியார் பணத்தைச் சரியாகத்தான் செலவிடுகிறார்களா? தாங்களே சொல்லுங்கள்" என்றார். நடைபாதையில் நின்றவாறே விடை கூறத்தக்க வினா அன்று அது. ஆதலின் நம் அபிப்பிராயத்தை இப்பக்கங்களில் எழுத ஒருப்பட்டோம்.

இவ்விஷயத்தில் பழக்கமில்லாத நேயர்பொருட்டுச் சில கூறுதல் வேண்டும். இந்த லீக் 2013 முதல் 2017 வரை நடந்து, பின் ஏழாண்டு உறங்கி, 2024 டிசம்பரில் மீண்டும் எழுந்தது. அதன்பொருட்டு 2024 அக்டோபர் 13 தொடங்கி மூன்று நாள் புது டில்லியில் ஏலம் நடந்தது. ஆடவர் அணிகள் எட்டு. ஓர் அணிக்கு 24 பேர், அவருள் இந்தியர் பதினாறு பேருக்குக் குறையலாகாது, அப்பதினாறில் இளையோர் நால்வரேனும் இருத்தல் வேண்டும், பிறநாட்டார் எண்மர். எல்லாருக்குமாகச் செலவிடத்தக்க தொகை 4 கோடி ரூபாய். தொடக்க விலை 2, 5, 10 இலட்சம் என மூவகை. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை ஸூர்மா அணி 78 இலட்சத்துக்குக் கொண்டது, அதுவே தலைவிலை. மகளிர் அணிக்கு விதிக்கப்பட்ட தொகையோ சரிபாதியாகிய 2 கோடி. மைதானத்தின் நீளமும் ஆட்டத்தின் நேரமும் இருபாலார்க்கும் ஒன்றே. பின் தொகை மட்டும் ஏன் பாதி என நம் கலாசாலை மாணவியர் கேட்பாராயின் நம்மிடம் விடையில்லை.

மனிதரை ஏலமிடுதல் என்னும் சொல்லே நம் செவிக்கு இனிதாயில்லை. மாட்டுச் சந்தையிலும் மீன் துறையிலும் கேட்டுப் பழகிய சொல் அது. ஆயினும் இக்குறையை நம் பழைய மாணவரும் முன்னாள் ஆட்டக்காரருமாகிய நண்பர் ஒருவரிடம் கூறியபோது, அவர் நகைத்து, "எங்கள் காலத்தில் எங்களுக்கு விலையே இல்லை. ரயில் கட்டணமும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தால் சந்தோஷம். விலை வைத்தால் உங்களுக்கு ஏன் வருத்தம்?" என்றார். அதன்பின் அவ்வாதத்தை நாம் கைவிட்டோம்.

நிற்க, டிராகன்ஸ் அணியின் கொள்முதலைக் காண்போம். முதல் ஏலத்தில் அவர் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 இலட்சமும், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸுக்கு 48 இலட்சமும், அயர்லாந்தின் கோல் காவலர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 இலட்சமும் கொடுத்தனர். மூவர்க்குமாக 1 கோடியே 34 இலட்சம். அதாவது கைப்பொருளில் மூன்றிலொரு பங்கு. மூவரும் பின்னின்று காப்பவர். கோல் அடிக்கும் முன்னணியாரை விலை கூறி வாங்குதலே பார்ப்போர்க்கு மகிழ்ச்சி தரும். பத்திரிகைகளிலும் படம் வரும். அவ்வாசையை அடக்கி, வீட்டுக்கு முதலில் சுவரெழுப்பிய இம்முறையை நாம் மெச்சுகிறோம். இதில் யாவரும் கவனியாத நுட்பம் ஒன்றும் உண்டு. ஹார்ட்டும் யான்சனும் உத்ரெக்ட் நகரத்துக் கம்போங் சங்கத்தில் பல பருவம் ஒருங்கே ஆடியவர். காவலரும் பின்னணியாரும் ஒருவர் கூவுமுன் மற்றவர் நகரும் அப்பழக்கத்துக்கு எந்த ஏலத்திலும் விலை குறிப்பதில்லை; அதை அவர் இனாமாகப் பெற்றனர் என்றே சொல்லலாம். அவ்வாண்டு அணி இறுதி நால்வருள் ஒன்றாக வந்தது. தொகையை வீணாக்கினர் என்று எவரும் சொல்லார்.

ஆயின், யான்சனுக்குக் கொடுத்தது காவலுக்கு மட்டுமன்று. ஹர்மன்பிரீத்துக்கு 78, ஹைதராபாத் அணியின் கொன்ஸாலோ பெய்யாட்டுக்கு 68, யான்சனுக்கு 54, வங்காள அணியின் ஜுக்ராஜ் சிங்குக்கு 48 என்னும் இவ்விலைகளையெல்லாம் ஒருங்கே நோக்குக. இந்நால்வரும் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்தெறிந்து கோலாக்குவதில் வல்லவர். அத்தொழிலுக்கே விலை. இவ்விலை சரியோ எனின், 2025 பிப்ரவரி 1ஆம் நாள் ரூர்கேலாவில் நடந்த இறுதிப் பந்தயமே விடை கூறிற்று. வங்காள அணி 4-க்கு 3 என ஹைதராபாத்தை வென்றது. அந்நான்கில் மூன்று ஜுக்ராஜினுடையவை. நால்வருள் குறைந்த விலையினர் அவரே என்பதையும் மறத்தலாகாது.

எனினும் விலையென்பது ஆட்டக்காரனின் திறமையால் மட்டும் எழுவதன்று, விதியாலும் எழுவது. 2016இல் இதே லீகில் களத்தில் ஓடியாடி அடிக்கும் கோலொன்று இரண்டாக எண்ணப்பட்டது. பெனால்டி கார்னர் கோல் ஒன்றாகவே நின்றது. அவ்விதி இன்றும் இருந்திருப்பின், மேற்கூறிய நால்வரின் விலை இறங்கி, முன்னணியார் விலை ஏறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. மைதானத்தில் பயிலும் சிறுவனும் இதை அறிவான். எதற்குப் பணம் கொடுக்கப்படுகிறதோ அதையே அவன் பயில்வான். நம் கலாசாலை மைதானத்திலும் இப்பொழுது மாலைதோறும் ஒரு டஜன் பேர் வட்டத்தின் விளிம்பில் நின்று பந்தை இழுத்தெறிகின்றனர். பந்தைத் தடுத்துப் பறிக்கப் பயில்வோர் இருவரே. இதைக் கண்டு நம் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

இனி அணியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு என்னும் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஆடுவோருள் தமிழ்நாட்டார் எத்தனை பேர் என்று கேட்பது குறுகிய மனப்பான்மை என்பார் சிலர். அயலாரை வெறுத்து நாம் இதைக் கேட்கவில்லை. டச்சுக்காரரின் ஆட்டத்தை எழும்பூரில் கண்ணாரக் காண்பது நம் இளைஞர்க்குப் பெரும் பாடம். அரியலூர்ப் பிள்ளையாகிய செல்வம் கார்த்தி இவ்வணியில் இடம்பெற்றதும் மகிழத்தக்கதே. நாம் கேட்பது வேறு. இவ்வூரில் அணிகள் தோன்றுகின்றன, மறைகின்றன. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீகில் சென்னை வீரன்ஸ் எழுந்தது. 2008உடன் அந்த லீகே முடிந்தது. 2012இல் உலகத்தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் எழுந்தது; அத்தொடர் ஒரே பருவத்தோடு நின்றது. 2013 முதல் 2017 வரை நடந்த லீகில் சென்னைக்கு அணியே இல்லை. 2012இல் சீட்டாஸ் ஆட்டங்கண்டு மட்டையைத் தொட்ட பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தன் நாட்டின் பெயர் தாங்கிய மற்றோர் அணியைக் காணும்போது அவனுக்கு வயது இருபத்துநான்கு. ஹாக்கியில் அப்பன்னிரண்டாண்டே வாழ்நாள்.

அணிகளின் ஆயுளுக்கு வேறு சாட்சியும் வேண்டா. முதல் ஏலத்தில் ஹர்திக் சிங்கை 70 இலட்சத்துக்குக் கொண்ட யூ.பி. ருத்ராஸ் அணி, அடுத்த பருவத்துக்கு முன்னரே பொருட்சுமை கூறி விலகிற்று. அதன் ஆட்டக்காரரை லீகின் ஆட்சிக்குழுவே ஏற்று ஆடச் செய்ய வேண்டியதாயிற்று. கோனாசிகா அணியின் இடத்தில் ராஞ்சி ராயல்ஸ் வந்தது. கொண்டவர் கடையை மூடிச் சென்றால் கொள்ளப்பட்டவர் கதி என்ன என்பதை ஏல நாளில் எவரும் எண்ணுவதில்லை.

உத்ரெக்ட் நகரத்துக் கம்போங் சங்கம் இவ்வாறன்று. 1902 முதல் நின்று நிலவுவது. அங்கே யான்சன் ஆடும் அதே மைதானத்தில் ஆறு வயதுக் குழந்தையும் ஆடுகிறது. அதன் தந்தையும் மூத்தோர் அணியில் ஆடுகிறார். பனிக்காலத்தில் டச்சு ஆட்டங்கள் ஓய்ந்திருக்கும். அவ்விடைவேளையில்தான் அவர் இங்கே ஒரு திங்களுக்கு வந்து போனார். அவர்க்கு இது கூடுதல் வருமானம். நம் பையனுக்கோ மற்றைப் பதினொரு திங்களும் இதுவே நம்பிக்கை. வேறுபாடு இங்கேதான்.

முன்னாளில் நம் நகரத்தில் ஆட்டக்காரரை ஒப்பந்தஞ் செய்தல் என்பதற்குப் பொருளே வேறு. சென்னை லீகில் ஆடிய இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்ஸீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலை முதலியன நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் அவனுக்கு நாற்காலியும் மாதச் சம்பளமும் கொடுத்து அழைத்துக்கொள்ளும். காலையில் கணக்குப் புத்தகம், மாலையில் மட்டை. இலட்சங்கள் இல்லை, ஆனால் முழங்கால் முறிந்தாலும் சோறு உண்டு. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் வளர்ந்த சென்னை அதுவே. அவர் லயோலாக் கல்லூரி மாணவர். அப்பெருமை நமக்கு வாய்க்காதது நம் துர்ப்பாக்கியம். அத்தகைய நிரந்தர உத்தியோகங்கள் இன்று முன்போல் மலிந்தில்லை. எனவேதான் டிராகன்ஸ் அணியின் உரிமையாளரை நாம் கேட்டுக்கொள்வது: 54 இலட்சம் கொடுங்கள், வேண்டாமென்னோம். ஆனால் விதிப்படி கொள்ள வேண்டிய அவ்விளையோருள் இருவரையேனும் கோவில்பட்டியிலும் அரியலூரிலும் தேடுங்கள். அவர்க்கு ஒரு திங்களுக்கன்று, பன்னிரு திங்களுக்கும் சம்பளம் கொடுங்கள். முன்னணி அயலார் ஒருவரின் விலையில் பாதி அதற்குப் போதும்.

இதை நாம் வெறும் வாதமாக எழுதவில்லை. நூலக வாயிலில் நம்மை வினவிய அம்மாணாக்கர் நம் கலாசாலை ஹாக்கி அணியின் பின்காவலர், மூன்றாமாண்டு வகுப்பினர், கோவில்பட்டிப் பக்கத்தவர். கோட்டூர்புரத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தமக்கையார் வீட்டில் தங்கிப் படிக்கிறார். இவ்வாண்டுப் பரீட்சையை விடுத்து, வடநாட்டுப் பயிற்சிச்சாலை ஒன்றிற் சேர்ந்தால் அடுத்த ஏலத்துக்குள் அணியார் கண்ணிற் படலாம் என்பது அவர் எண்ணம். இங்கேயோ ஒரு வங்கியின் ஆட்டத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அதற்குப் பட்டம் வேண்டும். யோசனை கேட்டு நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்.

காப்பி கொடுத்துவிட்டுத் தமக்கையார் கதவோரத்தில் நின்றவாறே, "ஐயா, தம்பி பேர் ஏலத்தில் போனாலும் இரண்டு இலட்சம்தான் என்கிறான். அது ஒரு மாத ஆட்டத்துக்கு. மீதி மாதங்களுக்கு என்ன செய்வான்? அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே" என்றார்.

"அக்கா, நீ சும்மா இரு. ஐயாவுக்குத் தெரியாதா?" என்றார் தம்பி.

நமக்குத் தெரிந்திருக்கவில்லை. நாம் பட்டத்தை முடிக்கும்படியும், வங்கித் தேர்வுக்குச் செல்லும்படியும், ஏலப் பதிவை மறுவருஷம் பார்த்துக்கொள்ளும்படியும் கூறினோம். கூறும்போதே, பத்தொன்பது வயதில் ஒருவனை மறுவருஷம் வரை பொறுக்கச் சொல்லுதல் எளிதென்றும், பொறுத்தல் எளிதன்றென்றும் நம் மனமே இடித்துரைத்தது. அவர் ஒன்றும் மறுமொழி கூறாமல், மட்டையின் கைப்பிடியில் தேய்ந்திருந்த துணியைப் பிரித்துப் புதிதாய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதன்பின் வங்கித் தேர்வுக்குச் சென்று வந்தார் எனக் கேள்வி. முடிவு இன்னும் தெரியவில்லை. பரீட்சைக் கட்டணம் கட்டியிருக்கிறார். பயிற்சிச்சாலைக்கும் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். நாள்தோறும் விடியுமுன் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி, பூங்கா நகரில் இறங்கி, எழும்பூர் மைதானத்துக்கு நடந்து போகிறார். ஒன்பது மணி வகுப்புக்கு ஒருநாளும் தாமதித்ததில்லை.